தாமதமாகப் பூக்கும் செவ்வந்தியை வீட்டில் வளர்க்க: முழுமையான வழிகாட்டி

ஜன்னலோரம் ஒரே ஒரு தொட்டி. வெளிப்பக்கம் பார்த்த கிளைகளில் பூ கொட்டிக் கிடந்தது. அறையைப் பார்த்த கிளைகளில் ஒரு மொட்டுகூட இல்லை, வெறும் இலை. உரம் போதவில்லையோ, பூச்சியோ என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் காரணம் நான்தான். தினமும் இரவு 12 மணி வரை அந்த ஜன்னலை ஒட்டி விளக்குப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் பட்ட இலைகள் இன்னும் நீண்ட பகல் என்றே நினைத்துக்கொண்டிருந்தன. படாத இலைகளுக்கு இரவு நீண்டுவிட்டது, அவை பூத்துவிட்டன. ஒரே வேர், ஒரே தண்ணீர், இரண்டு பருவம்.

செவ்வந்தி வளர்க்கக் கேட்பவர்கள் எல்லோரும் மண் கலவையில்தான் தொடங்குகிறார்கள். நான் இரவில் தொடங்கச் சொல்வேன். அதிலும் 11, 12 வாரம் எடுத்துக்கொண்டு பூக்கும் பின்பருவ ரகங்களுக்கு இருட்டுதான் பாதி வேலை.

ஒரு சின்ன எச்சரிக்கை. சாமந்தி என்று சிலர் சொல்வதும் செவ்வந்தி என்று சிலர் சொல்வதும் இங்கே ஒன்றே. துலுக்கச் சாமந்தி வேறு செடி. அதை விதை போட்டு வளர்ப்பார்கள், அதற்கு இந்தப் பாடு எதுவும் தேவையில்லை.

செடி எப்படி நாள் எண்ணுகிறது

1920-இல் கார்னர், அலார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், புகையிலையையும் சோயாவையும் வைத்து, பகலின் நீளம்தான் பல செடிகளின் பூப்பைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள். 1938-இல் ஹாம்னர், போனர் என்ற ஆய்வாளர்கள் மருளூமத்தை என்ற களைச்செடியை வைத்து இன்னும் ஒரு படி போனார்கள்: செடி அளப்பது பகலை அல்ல, இடையில் உடையாத இருட்டை. நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினால் அந்த இரவே கணக்கில் வராமல் போனது.

செவ்வந்தியை வைத்தே ஒரு சோதனை உண்டு. 1930-களில் சோவியத் விஞ்ஞானி மிகாயில் சைலகியன், செடியின் மேல்பாதி இலைகளை எடுத்துவிட்டு, கீழே இருந்த இலைகளுக்கு மட்டும் குறுகிய பகல் கொடுத்தார். நீண்ட பகலில் நின்ற, இலையில்லாத நுனி பூத்தது. மாற்றிச் செய்தபோது பூக்கவில்லை. அப்படியென்றால் நாள் எண்ணுவது இலை, பூப்பது நுனி, இடையில் ஏதோ ஒன்று பயணம் செய்கிறது. அதற்கு அவர் ஃப்ளோரிஜன் என்று பெயர் வைத்தார். அது ஒரு புரதம் என்று உறுதியாக 2007 ஆகிவிட்டது. 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், காட்டுச் செவ்வந்தி ஒன்றில் இதற்கு எதிர்வேலை பார்க்கும் புரதத்தையும் கண்டார்கள். இரவு நடுவில் விளக்கு எரிந்தால் இலை இந்தத் தடைப் புரதத்தைச் செய்கிறது. என் ஜன்னலோரத் தொட்டியில் நடந்ததும் அதுதான்.

நடைமுறைக்கு வேண்டிய எண் இது: பெரும்பாலான ரகங்கள், பகல் சுமார் 13½ மணி நேரத்துக்குக் கீழே இறங்கியதும் மொட்டு வைக்க ஆரம்பிக்கும். மொட்டு நன்றாக வளர்ந்து விரிய அதைவிடக் குறுகிய பகல் வேண்டும்.

இதை நீங்கள் இருக்கும் இடத்தோடு பொருத்திப் பாருங்கள். நிலநடுக்கோட்டில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி. 10 டிகிரி அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 12 மணி 40 நிமிடத்தைச் சுற்றித்தான். அங்கே விளக்கு உதவி இல்லாமல் நட்டால் செடி சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும். 50 டிகிரியில் கோடைப் பகல் 16 மணியைத் தாண்டும். அங்கே தலைகீழ்ச் சிக்கல்: செடி தானாக நன்றாக வளரும், ஆனால் பின்பருவ ரகம் பூக்கத் தயாராகும்போது உறைபனி வந்து நிற்கும். முதலாமவருக்கு இரவை உடைக்க விளக்கு வேண்டும், இரண்டாமவருக்குப் பகலைக் குறைக்கக் கறுப்புத் துணி வேண்டும்.

ரகமும் காலக்கணக்கும்

செவ்வந்தி ரகங்களை, இருட்டுக் காலம் (செடிக்கு இடையில் உடையாத நீண்ட இரவு கிடைக்கும் நாட்கள்) தொடங்கியதிலிருந்து பூக்க எத்தனை வாரம் என்பதை வைத்துப் பிரிப்பார்கள். 6 வாரத்திலிருந்து 15 வாரம் வரை உண்டு. 7, 8 வாரக்காரர்கள் குட்டையான தொட்டி ரகங்கள், அவசரக்காரர்களுக்கு நல்லது. 11 வாரத்துக்கு மேற்பட்டவை உயரம் போகும், தலை பெரிதாகும், பொறுமையைச் சோதிக்கும். நாற்று வாங்கும்போது நிறத்தைக் கேட்பதற்கு முன் வாரத்தைக் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால், முதல் ஆண்டு ஒரு செடி வைத்து நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 12 வார ரகம் என்று வைத்துக்கொள்வோம். பூ வேண்டிய நாளுக்கு 12 வாரம் முன்பு இருட்டு தொடங்க வேண்டும். அதற்கு 4 வாரம் முன்பு கொழுந்து கிள்ள வேண்டும். அதற்கு 2 வாரம் முன்பு வேர் பிடித்த கன்று தொட்டிக்கு வர வேண்டும். வேர் பிடிக்க 2 வாரம். ஆக 20 வாரம். இரண்டு தடவை கிள்ளுவதென்றால் இன்னொரு 3, 4 வாரம் கூட்டுங்கள். நான்கைந்து மாதம் ஒரு தொட்டியைக் கவனிக்க முடியாது என்றால் 7 வார ரகத்தோடு நின்றுகொள்வது நல்லது.

தண்டு வெட்டி வேர் பிடிக்க வைப்பது

விதையிலிருந்து வரும் செடி தாயைப் போல இருக்காது. அதனால் தண்டுத் துண்டுதான். பழைய செடியின் அடியிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகள் இன்னும் நல்லது, அவை இளமையானவை.

இன்னும் மொட்டு வைக்காத, இலை மட்டும் உள்ள நுனியாகப் பாருங்கள். 5 முதல் 7 செ.மீ. நீளம். விரலால் வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும். நார் நாராகத் தொங்கினால் தண்டு முற்றிவிட்டது, வேர் பிடிக்க அடம்பிடிக்கும். கீழ் இரண்டு இலையை எடுத்துவிட்டு, வெட்டுமுனையை வேர்ப்பொடியில் தொட்டு, ஈரமான தென்னை நார்க்கழிவும் மணலும் கலந்த குழித்தட்டில் 2 செ.மீ. ஆழம் ஊன்றுங்கள். நேர் வெயில் வேண்டாம். காற்று ஈரமாக இருக்க மேலே ஒளி ஊடுருவும் மூடி போட்டு, தினம் ஒரு தடவை திறந்துவிடுங்கள். 10 முதல் 15 நாளில் வேர் வரும். இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். குழியின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும், அது போதும்.

ஒன்றை மறக்கக்கூடாது. இந்த 2 வாரமும் இரவில் விளக்கு உதவி தேவை. நீண்ட இரவில் வேர் பிடித்த கன்று, தொட்டிக்கு வரும்போதே உள்ளுக்குள் மொட்டை முடிவு செய்துகொண்டு வரும். அப்புறம் எவ்வளவு உரம் போட்டாலும் உயரம் வராது.

தொட்டி, மண், தண்ணீர்

பின்பருவ ரகத்துக்கு 25 செ.மீ. வாயுள்ள தொட்டி, ஒன்றுக்கு ஒரு செடி. அடியில் தாராளமாகத் துளை. தோட்டமண், மக்கிய உரம், நார்க்கழிவு சம பங்கு, மண் இறுக்கமானால் கொஞ்சம் மணல். கார அமில நிலை 6 முதல் 6.5. செவ்வந்தி வேர் மேலாக ஓடும், நீர் தேங்கினால் முதலில் அழுகுவதும் அதுதான். மேல்மண் ஒரு விரல் ஆழம் காய்ந்த பிறகு, அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். இலைமேல் ஊற்ற வேண்டாம், காலையில் ஊற்றுங்கள். நேர் வெயில் ஒரு நாளைக்கு 5, 6 மணி நேரமாவது வேண்டும்.

உரத்தில் ஒரே ஒரு விதியைத்தான் கறாராகப் பின்பற்றுகிறேன்: தழைச்சத்து முதல் ஏழெட்டு வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த நாட்களில் பட்டினி கிடந்த செடி பிறகு சாப்பிட்டுத் தேறாது, தலை சிறுத்தே இருக்கும். மண்புழு உரம் 15 நாளுக்கு ஒரு கைப்பிடி, இடையில் வாரம் ஒருமுறை நீர்த்த திரவ உரம். மொட்டு நிறம் காட்டத் தொடங்கியதும் உரத்தை நிறுத்திவிடுங்கள். நிறுத்தினால் பூ செடியிலும் ஜாடியிலும் கூடுதல் நாள் நிற்கும்.

வளர்ச்சிக் காலம்: நடுச்சாம விளக்கும் கிள்ளுதலும்

பகல் ஏற்கெனவே 14½ மணிக்கு மேல் இருக்கும் இடமானால் விளக்குப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு: இரவு 10 மணி முதல் 2 மணி வரை விளக்கு எரிய வேண்டும். மாலையில் கூடுதலாக எரியவிடுவதைவிட இருட்டை நடுவில் உடைப்பது சிக்கனம். இலைமேல் 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விழுந்தால் போதும், கைபேசியில் அளக்கும் செயலிகள் உண்டு. விளக்கு மஞ்சள் வெள்ளையாக இருக்கட்டும். சிவப்பு ஒளிதான் இந்த வேலையைச் செய்வது, நீலம் தூக்கலான விளக்கில் அது குறைவு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால், அந்த 4 மணி நேரத்தில் ஒவ்வொரு அரைமணிக்கும் 6 நிமிடம் எரிந்தாலே செடி ஏமாந்துவிடும்.

டைமர் வாங்கும்போது மின்சாரம் போனாலும் நேரம் காட்டுகிற வகையாக வாங்குங்கள். நான் சுழலும் பல்சக்கர டைமர் வைத்திருந்தேன். ஒருநாள் ஆறு மணி நேரம் மின்சாரம் இல்லை, சக்கரமும் அங்கேயே நின்றுவிட்டது. அதன்பிறகு விளக்கு விடியற்காலை 4 மணிக்கு எரிந்து காலை 8-க்கு அணைந்துகொண்டிருந்தது. நான் கவனிக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் மூன்று தொட்டியில் மொட்டு.

கொழுந்து கிள்ளுவது எளிது. தொட்டிக்கு வந்து 2 வாரத்தில், புது வேர் ஓடிச் செடி நிமிர்ந்ததும், 5, 6 இலையை விட்டு நுனியை நகத்தால் கிள்ளுங்கள். ஒரு செ.மீ. போதும். நான்கைந்து கிளை கிளம்பும். பெரிய ஒற்றைத் தலை வேண்டும் என்பவர்கள் அதில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம். புதர் வேண்டும் என்பவர்கள் கிளைகள் 10 செ.மீ. ஆனதும் இன்னொரு தடவை கிள்ளலாம். அதற்கு மேல் கிள்ளாதீர்கள். கிள்ளிக் கிள்ளியே பருவத்தைக் கோட்டைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

இந்தக் கட்டத்திலேயே குச்சி கட்டிவிடுங்கள். பின்பருவ ரகம் இருட்டு தொடங்கிய பிறகும் பல வாரம் உயரும். நான் விளக்கை நிறுத்தும் அன்று முழங்கால் உயரம் இருந்த செடி, பூக்கும்போது இடுப்பைத் தாண்டியிருந்தது.

இருட்டுக் காலம்

விளக்கை நிறுத்தும் நாளைச் சுவரில் எழுதி வையுங்கள். இனி எண்ணிக்கை இங்கிருந்துதான்.

பகல் இயற்கையாகவே 12 மணிக்கு அருகில் இருந்தால், நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் கஷ்டம். மாடி விளக்கு, தெரு விளக்கு, அசைவு கண்டு எரியும் வாசல் விளக்கு எல்லாம் பகைதான். நிலவைப் பற்றிக் கவலை வேண்டாம், முழுநிலவே கால் லக்ஸைச் சுற்றித்தான். இரவு 11 மணிக்குத் தொட்டி இருக்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கண் பழகிய பிறகு அந்த வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தால், தொட்டியை நகர்த்துங்கள்.

பகல் நீளமான இடத்தில் கறுப்புத் துணி. 13 முதல் 14 மணி நேரம் தொடர்ச்சியான இருட்டு தினமும் வேண்டும், உதாரணமாக மாலை 6 முதல் காலை 7½ வரை. துணிக்கு அடியில் நுழைந்து மேலே பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் ஒன்றிரண்டு தெரிந்தால் பாதகமில்லை, துணி முழுக்கச் சாம்பலாகத் தெரிந்தால் இன்னொரு மடிப்புப் போடுங்கள். எத்தனை நாள்? மொட்டில் நிறம் தெரியும்வரை. வாரத்தில் ஒருநாள் மறந்தால் பூ சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவே. தொடக்க மூன்று வாரத்தில் மட்டும் ஒருநாளும் மறக்க வேண்டாம்.

துணி போடுவதில் ஒரு வலை இருக்கிறது: வெப்பம். மாலை வெயிலில் மூடினால் உள்ளே கொதிக்கும். மொட்டு வைக்கும் வாரங்களில் இரவு 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் செடி கணக்குப்படி நடக்கும். இரவுகள் சூடாக இருந்தால் 12 வார ரகம் 14, 15 வாரம் ஆக்கும். 10 டிகிரிக்குக் கீழே போனாலும் தாமதம்தான், சில ரகங்கள் தரையோடு இலைக்கொத்தாக உட்கார்ந்துவிடும். வெப்பமான இடத்தில் இருப்பவர்கள், குளிர்ந்த மாதங்களில் இருட்டுக் காலம் விழும்படி நடவைத் திட்டமிடுவதுதான் ஒரே வழி.

மூன்று, நான்கு வாரத்தில் நுனியைப் பாருங்கள். இலைகள் சிறுத்து, நடுவில் பச்சைப் பட்டன் ஒன்று உட்கார்ந்திருந்தால் எல்லாம் சரி. பட்டனைச் சுற்றி நாடா போல ஒடுங்கிய, வெட்டு இல்லாத இலைகள் வந்து மொட்டு அப்படியே கல்லாக நின்றால், இருட்டு பாதியில் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கிருந்து வெளிச்சம் வருகிறது என்று தேடுங்கள். கண்டுபிடித்து அடைத்த பிறகு அந்த மொட்டைக் கிள்ளிவிடுங்கள், கீழே இருந்து புதிதாக வரும்.

மொட்டு கழித்தல்

பெரிய ஒற்றைப் பூவுக்கு: நுனி மொட்டை வைத்துக்கொண்டு, கீழே இலைக்கணுக்களில் வரும் பக்கமொட்டுகளைப் பட்டாணி அளவில் இருக்கும்போதே விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். முற்றினால் கிழியும், தண்டில் தழும்பு விழும். கொத்துப் பூவுக்கு நேர் எதிர்: நுனி மொட்டு ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால், பக்கமொட்டுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் விரியும்.

பூச்சியும் நோயும்

பயிர் நீண்ட நாள் நிற்பதால் எல்லாப் பூச்சிக்கும் ஒரு முறை வந்துபோக அவகாசம் இருக்கிறது. கொழுந்தில் கறுப்பாக அப்பியிருப்பது அசுவினி. தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மீந்ததற்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளியுங்கள். மொட்டு விரியத் தொடங்கிய பின் எண்ணெய் தெளிக்காதீர்கள், இதழில் கறை விழும். இதழில் வெளிறிய கோடுகள் இலைப்பேன், இலையில் பாம்பு நெளிந்த வெள்ளைத் தடம் இலைத்துளைப்பான். அந்த இலைகளைக் கிள்ளி எறிவது போதும்.

பயப்பட வேண்டியது வெண்துரு. இலையின் மேல்புறம் வெளிர்மஞ்சள் பள்ளம், திருப்பினால் அதே இடத்தில் வெளிர்சிவப்பாகத் தொடங்கி வெள்ளையாகும் கொப்புளம். ஈரமான குளிர்காலத்தில் வேகமாகப் பரவும். சில நாடுகளில் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் இது. ஒரு செடியில் பார்த்தால் அந்தச் செடியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு செடி மட்டும் குள்ளமாக, வெளிறிய இலையோடு, மற்றதற்கு முன்பாகவே பூத்தால், அது குட்டை வைராய்டாக (வைரஸைவிடச் சிறிய நோய்க்கிருமி) இருக்கலாம். மருந்து இல்லை. அதிலிருந்து கன்று எடுக்காதீர்கள், வெட்டிய கத்தியைத் துடைக்காமல் அடுத்த செடியில் வைக்காதீர்கள்.

பூனை, நாய் இருக்கும் வீடா? இலையைத் தின்றால் அவற்றுக்கு வாந்தி, எச்சில் ஒழுகல் வரும். எட்டாத இடத்தில் வையுங்கள். சிலருக்குத் தொடர்ந்து கையாண்டால் தோலில் அரிப்பு வரும், அவர்கள் கையுறை போட்டுக்கொள்ளலாம்.

வெட்டுவதும் அதற்குப் பிறகும்

செவ்வந்தியில் நாம் பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம். வெளிவட்டம் முழுதும் விரிந்து, நடுவில் இன்னும் பச்சை தெரியும்போது வெட்டினால் ஜாடியில் அதிக நாள் இருக்கும். காலையில் வெட்டுங்கள். அடித்தண்டு மரமாகிப்போன இடத்துக்கு மேலே வெட்டுங்கள், மரத்தண்டு நீர் உறிஞ்சாது. நீருக்குள் போகும் இலைகளை உருவிவிடுங்கள்.

பூ முடிந்ததும் செடியைத் தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். தண்ணீரைக் குறைத்து, நடுச்சாம விளக்கை மறுபடி போடுங்கள். சில வாரத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு பக்கக் கன்றுகள் வரும். அவைதான் அடுத்த நடவு. ஆரோக்கியமான ஒரு செடியை மட்டும் தாய்ச்செடியாக வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். தொட்டியில் ஒரு அட்டை செருகி, விளக்கு நிறுத்திய தேதி, முதல் நிறம் தெரிந்த தேதி, முதல் பூ விரிந்த தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மழையில் போய்விடுகிறது.